பெயர் தெரியாத வருத்தத்தோடு வாழ்வது

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் எமது தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமார், ஐயாமார், சகோதரங்கள், வாசலில் நிற்கிற தம்பிமார், எல்லாரும் உள்ளே வந்து இருங்கள். பாய் இன்னும் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. தாதியும் இல்லை. பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்தவள். உங்கள் கையில் தருகிற இந்தப் புத்தகங்களை எழுதுவதும் சுவரொட்டி அடிப்பிப்பதும்தான் நிறுவனத்தில் என் வேலை. வீட்டுத்திட்டப் படிவம் நிரப்புவது, கிணறு இறைத்துத் துப்புரவாக்குவது, மிதிவெடி அடையாளங்கள் என்று எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த விடயத்தை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், ஏனென்றால் இது என்னுடைய கதையும்தான். இதில் வருகிற மருத்துவ விடயங்களை ஒரு டொக்டரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் உங்கள் முன்னால் வந்திருக்கிறேன்.

2010இல் நாங்களும் முகாமில்தான் இருந்தோம். மாரி காலம், கூடாரங்களுக்கு நடுவில் முழங்கால் அளவு சேறு. ஒரு நாள் தண்ணீர் வரிசைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு சின்னப் பெடியன் பின்னால் ஓடி வந்தான். "அக்கா, செருப்பு!" என்று என் இடது கால் செருப்பைத் தூக்கிக் காட்டினான். அது சேற்றில் கழன்று எவ்வளவு நேரமோ தெரியாது. கால் வெறுங்காலாக இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். இரவு படுக்கும்போதுதான் பயம் வந்தது.

பிறகு இடது கை. பேனை பிடித்தால் நழுவும். பிறகு தலை. சில நாட்களில் நிலம் ஒரு பக்கம் சரிகிற மாதிரி இருக்கும். ஒரு கிழமை எல்லாம் சரியாகிவிடும், திரும்பவும் வரும். "நித்திரை இல்லாததுதான்" என்றார்கள். "யோசினை கூடிப்போச்சு" என்றார்கள். "பெட்டைக்கு யாரோ செய்து போட்டினம்" என்று ஒரு பெரியம்மா நூலும் கட்டிவிட்டார். இங்கே இருக்கிற ஆட்களில் எத்தனை பேருக்கு இதே கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிய வாசலில் வந்து காதுக்குள் சொல்லுவீர்கள். எல்லாருக்கும் முன்னால் சொல்ல மாட்டீர்கள், அதுவும் தெரியும்.

கால் விறைப்பு, கை நடுக்கம், திடீரென்று நினைவு தப்புதல், கண் இரண்டாகத் தெரிதல், நாக்குத் தடக்குதல், விட்டு விட்டு வருகிற தலையிடி. இவை எல்லாம் மூளை, முள்ளந்தண்டு, நரம்பு சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். இப்படியான வருத்தங்களில் பெரிய கரைச்சல் என்னவென்றால், கையை முறித்த மாதிரி ஒரே படத்தில் தெரியாது. ஒரே விறைப்புக்கு பத்துக் காரணம் இருக்கும். சீனி வருத்தம் கால் நரம்பைத் தாக்கும். தைரொயிட் குறைந்தாலும் வரும். மீன், முட்டை, பால், இறைச்சி பல வருடமாகச் சரியாகக் கிடைக்காதவர்களுக்கு பி12 விற்றமின் குறைந்து பாதம் எரியும், நடை தள்ளாடும். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் நெடுங்காலம் குடிப்பவர்களுக்கும் அது குறையலாம். நேரத்துக்குக் கண்டுபிடித்து ஊசி போட்டால் பெரும்பாலும் திருந்தும், பிந்தினால் நரம்பு பழுதானபடியே நின்றுவிடலாம். தோலில் வெளிறின ஒரு தழும்பு, அதைத் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டு முகத்தைத் திருப்பாதீர்கள். 6 மாதம் அல்லது 12 மாதம் இலவச மருந்தில் முழுதாக மாறுகிற வருத்தம் அது.

இதனால்தான் டொக்டர்மார் ஒரே நாளில் பெயர் சொல்லுவதில்லை. ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டு போவார்கள். இரத்தம் சோதித்து "நோர்மல்" என்றால் பத்தில் மூன்று கழிந்துவிட்டது என்றுதான் பொருள். உங்களுக்கு ஒன்றும் இல்லை என்பதல்ல. இந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் மூன்று தரம் "நோர்மல்" என்று துண்டில் எழுதித் தந்தபோது, நான் பொய்க்காரி என்று எழுதித் தந்த மாதிரி அவமானமாக இருந்தது. நாலாம் தரம் போகாமல் விட்டேன். எட்டு மாதம் போகவில்லை. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் முக்கியமானது. மூளைக்குள் இருப்பதைப் படம் பிடித்துப் பார்க்கிற சி.ரி. ஸ்கான் என்ற மெஷினில் முதல் நோயாளியைப் படமெடுத்தது 1971இல், லண்டனில். அதற்கு முன்னால் நீண்ட காலமாக நரம்பு வருத்தங்களை டொக்டர்மார் பெரும்பாலும் எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்? ஒரு ஊசி, முழங்காலில் தட்டுகிற சின்னச் சுத்தியல், நோயாளி சொன்ன கதை. இன்றைக்கும் நரம்பு டொக்டர் முதலில் கேட்பது கதையைத்தான். எப்போது தொடங்கினது, எங்கே தொடங்கினது, கூடுகிறதா, வந்து வந்து போகிறதா. ஸ்கானுக்கு அனுப்புவதா, எந்த இடத்தைப் பார்ப்பது என்பதெல்லாம் அந்தக் கதையில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே பெயர் கிடைக்கும்வரை உங்களிடம் இருக்கிற பெரிய சோதனை அறிக்கை உங்கள் வாய்தான்.

ஆனால் எங்கள் வாயில் ஒரு சிக்கல். தமிழ் படித்தவள் என்பதால் இது என் கண்ணில் பட்டது. "கால் விறைக்குது" என்கிறோம். தொட்டால் தெரியவில்லை என்பதற்கும் அதைத்தான் சொல்கிறோம், கால் மரக்கட்டை மாதிரி மடங்கவில்லை என்பதற்கும் அதைத்தான் சொல்கிறோம். டொக்டருக்கு அவை இரண்டும் இரண்டு வெவ்வேறு வருத்தம். "மயக்கம்" என்கிறோம். கண் இருட்டினதா, விழுந்து நினைவே இல்லாமல் போனதா, சோர்வா? "தலைச்சுத்து" என்றால் வீடு வளவு சுற்றுகிறதா, எழும்பும்போது தலை பாரமில்லாமல் போகிறதா? அதோடு எங்களைப் பார்க்கிற டொக்டர் சிங்களம் பேசுபவராக இருக்கலாம், பக்கத்தில் நிற்கிற ஆரோ அரைகுறையாக மொழிபெயர்த்துச் சொல்லலாம். அப்போது ஒற்றைச் சொல் காணாது. நடந்ததைச் சொல்லுங்கள். "செருப்புக் கழன்றது தெரியவில்லை." "சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை." "கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி நின்றேன், பிறகு கண் திறந்தால் நிலத்தில் கிடந்தேன், நடுவில் ஒன்றும் தெரியாது, நாக்கு கடிபட்டிருந்தது." எந்த மொழிக்கு மாற்றினாலும் இவை பிழைக்காது.

இதற்கு ஒரு கொப்பி வேண்டும். பிள்ளைகளின் 40 தாள் கொப்பி போதும். திகதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், உடம்பில் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நின்றது, அதற்கு முதல் சாப்பிட்டீர்களா, நித்திரை கொண்டீர்களா. பெண்கள் மாதவிலக்கு நாட்களையும் குறியுங்கள், சிலருடைய தலையிடிக்கும் வலிப்புக்கும் அதோடு தொடர்பு இருக்கும். எழுதத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். அதுவும் இல்லையென்றால் கலண்டரில் கரியால் ஒரு வட்டம் போடுங்கள். ஒரு அக்கா அப்படித்தான் செய்தார். மூன்று மாதக் கலண்டரை உருட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். டொக்டர் அந்தக் கரி வட்டங்களை எண்ணிப் பார்த்துத்தான் வலிப்பு மருந்தின் அளவைத் தீர்மானித்தார். வீட்டில் யாரிடமாவது கமெரா உள்ள போன் இருந்தால், வலிப்போ நடுக்கமோ வரும்போது ஒரு நிமிடம் படமெடுத்து வையுங்கள். வெட்கப்பட வேண்டாம். டொக்டருக்கு முன்னால் அது வருவதே இல்லை, அதுதான் இந்த வருத்தங்களின் குணம்.

பழைய கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு எல்லாம் இடம்பெயர்வில் போயிருக்கும். எங்களுடையதும் போய்விட்டது. இனிமேல் கிடைக்கிற எந்தத் துண்டையும் எறியாமல், மழைக்கு நனையாமல் பொலித்தீன் பையில் போட்டுக் கொப்பியோடு வையுங்கள். அடையாள அட்டையையும் காணி உறுதியையும் எப்படி வைப்பீர்களோ அப்படி.

அடுத்தது, தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. என்றொரு ஸ்கான் இருக்கிறது. அது காந்தத்தில் வேலை செய்கிறது. சாதாரண காந்தம் இல்லை, கத்தரிக்கோலைக் கையிலிருந்து பறித்து இழுக்கக்கூடிய காந்தம். உடம்புக்குள் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். கண்ணிலோ தலையிலோ இருந்தால் பேராபத்து. வேறு ஊர்களில் இந்தக் கேள்வியை ஒரு சடங்குக்காகக் கேட்பார்கள். எங்கள் ஊரில், இந்த மண்டபத்துக்குள்ளேயே, செல் துண்டு இல்லாத உடம்பு எத்தனை?

என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஸ்கான் அறை வாசலில் ஒரு படிவம். உடம்பில் உலோகம் இருக்கிறதா? சங்கிலி, காப்பு, கொண்டைஊசி எல்லாம் கழற்றியாயிற்று. "இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே எனக்கு நினைவு வரவில்லை. அம்மா பின்னால் நின்றவர், "பிள்ளைக்குத் தோளிலை பீஸ் இருக்கெல்லோ" என்றார். 2009இல் பட்டது. சின்னன், நோவும் இல்லை, மறந்தே போனேன். உடனே நிற்பாட்டி, முதலில் எக்ஸ்ரே எடுத்து, அது இருக்கிற இடத்தைப் பார்த்து, டொக்டர்மார் பேசி முடிவெடுத்து மற்ற நாள்தான் ஸ்கான் செய்தார்கள். துண்டு இருக்கிற எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே இருக்கிறது, எப்படியானது என்று பார்த்து அவர்கள் முடிவெடுப்பார்கள். முடியாவிட்டால் சி.ரி. ஸ்கான் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன, சி.ரி.யில் காந்தம் இல்லை. ஆனால் நாங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? செல் துண்டு இருக்கிறது என்று சொன்னால் விசாரணை வருமோ என்று சிலர் பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஸ்கான் அறை வாசலில் அதை மறைக்காதீர்கள். கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்: எந்த இடத்தில், எந்த வருடம். காயம் பட்டதை நேரில் கண்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த ஸ்கானிலும் ஒன்றும் தெரியவில்லை. கொழும்பில் பஸ் நிலையத்தில் இருந்து அழுதேன். வருத்தம் இல்லையென்று அழுகிற ஒருத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? அம்மா நேர்த்தி வைத்த கோயிலுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், நான் அழுதுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே துண்டைத்தான் வாசித்திருந்தோம்.

பிறகு வந்த கிளினிக்கில் ஒரு டொக்டர் கதிரையை இழுத்து முன்னால் போட்டு இருந்தார். "உமக்கு வருத்தம் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. அதின்ரை பேர் இன்னும் தெரியாது எண்டுதான் சொல்லுறன்" என்றார். சில வருத்தங்கள் வளர்ந்த பிறகுதான் முகம் காட்டும். சில தானாகவே அடங்கிவிடும். இன்னும் சிலவற்றில் நரம்பு பழுதில்லை, படத்திலும் ஒன்றும் தெரியாது, ஆனால் மூளை அனுப்புகிற செய்தி கைக்கோ காலுக்கோ சரியாகப் போய்ச் சேருவதில்லை. அது நடிப்பு அல்ல. முதலாம் உலக யுத்தத்தில், 1915இல், சார்ள்ஸ் மயர்ஸ் என்ற டொக்டர் பக்கத்தில் செல் விழுந்த படைவீரர்களைப் பற்றி எழுதினார். பெரிய காயமில்லை, ஆனால் பார்வை மங்கிவிட்டது, மணம் தெரியவில்லை, நினைவு போய்விட்டது. அந்தக் காலத்தில் அவர்களைக் கோழைகள் என்று ஏசினவர்களும் உண்டு. இன்றைக்கு இதற்கு உடற்பயிற்சிச் சிகிச்சை, மனநலச் சிகிச்சை எல்லாம் இருக்கிறது, பலர் தேறுகிறார்கள். ஆகவே டொக்டர் மனநலப் பிரிவுக்கும் ஒரு துண்டு தந்தால் "எனக்கு விசரெண்டு சொல்லிப்போட்டினம்" என்று கிழித்துப் போடாதீர்கள். போய்ப் பாருங்கள். அதேநேரம், மனப்பாரம் இருக்கிறது என்பதற்காக மற்றச் சோதனைகளை நிற்பாட்டவும் விடாதீர்கள். யுத்தம் கண்ட ஆளுக்கும் பி12 குறையும்.

பெயர் வரும்வரை சும்மா இருக்க முடியாதுதானே. வீடு கட்ட வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். வந்து இறங்கின காணிகளில் எங்கே பார்த்தாலும் உடைந்த ஓடு, ஆணி, கண்ணாடி. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வளவுக்குள்ளும் செருப்போடு நடவுங்கள், இரவில் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள், அல்லது பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். விறைத்த காலுக்குச் சுடுமணல் ஒத்தணம் கொடுக்காதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்து போகும், ஆறவும் பிந்தும்.

வலிப்பு வருகிறவர்கள் கட்டில்லாத கிணற்றடிக்குத் தனியே போகக்கூடாது. எங்கள் ஊர்களில் பாதிக் கிணறுகளின் கட்டு உடைந்து கிடக்கிறது. கட்டு கட்டி முடியும்வரை யாராவது அள்ளித் தாருங்கள், அவர் நின்று குளிக்கட்டும். குளத்தில் தனியே இறங்குவது, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, தனியே விறகுக்குப் போவது எல்லாம் டொக்டர் சொல்லும்வரை வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதும் வாய்க்குள் கரண்டி வைப்பதும் பிழை. ஒரு பக்கமாகச் சரித்து விடுங்கள், தலைக்கடியில் ஒரு துணி, மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால், அல்லது ஒன்று முடிந்து தெளியாமல் அடுத்தது வந்தால், ஆஸ்பத்திரி. தந்த வலிப்பு மருந்தை "இப்ப சுகம்" என்று திடீரென்று நிற்பாட்டாதீர்கள். நிற்பாட்டினதால் வருகிற வலிப்பு முந்தினதை விட மோசமாக இருக்கலாம்.

நாட்டு மருந்து செய்கிறவர்களுக்கு நான் எதிரி இல்லை, என் அப்பாவின் முறிவுக்கு எண்ணெய் கட்டித்தான் சுகம் வந்தது. ஆனால் என்ன குடிக்கிறீர்கள் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். சில பற்பம், செந்தூரங்களில் ஈயம், பாதரசம் இருக்கலாம். அவையே நரம்பைக் கெடுக்கும்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு பக்கக் கை திடீரென்று சோர்ந்தால், பேச்சுக் குழறினால், வாழ்நாளில் இல்லாத தலையிடி ஒரு நொடியில் அடித்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்து மடங்காமல் ஆள் தடுமாறினால், பலவீனம் காலில் தொடங்கி மேலே ஏறி மூச்சு வாங்கினால், கால் சோர்ந்து சலம் கட்டுப்படாமல் போனால், அந்த நிமிடமே ஓட்டோவைப் பிடியுங்கள். இன்னொன்று. தறப்பாள் கொட்டிலில் நிலத்தில் படுக்கிறோம். எட்டடி விரியன் இரவில் நித்திரையில் கடித்தால் பல நேரம் அடையாளமே தெரியாது, வீக்கமும் இல்லை. விடிய எழும்பும்போது வயிற்று நோவு, கண் இமை தூக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை என்றால் "இரவு சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை" என்று கசாயம் வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். விஷமுறிப்பு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. கூடுமானவரை கட்டிலிலோ வாங்கிலோ படுங்கள், நிலத்தில் என்றால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிவிடுங்கள்.

வீட்டாருக்கும் ஒன்று. காலையில் எழும்பி நடக்கிற ஆள் பின்னேரம் நடக்க முடியவில்லை என்றால் அது கள்ளம் இல்லை. சில நரம்பு வருத்தங்களில் அப்படித்தான், களைப்போடும் வெயிலோடும் கூடும். சிரமதானத்துக்கு வரவில்லை, வேலைக்கான பணத்திட்டத்தில் மண் சுமக்கவில்லை என்று ஒரு பெண் குடும்பத் தலைவியை ஊரே பேசினதை நான் கண்டிருக்கிறேன். அவருக்கு இருந்து செய்யக்கூடிய வேலை, பெயர்ப் பதிவு, குழந்தை பார்த்தல் என்று ஏதாவது கொடுக்கலாம். எங்கள் கள உத்தியோகத்தர்களிடம் சொல்லுங்கள். பெயர் தெரியாத வருத்தம் என்றாலும் கிளினிக் துண்டு ஒன்று இருந்தால் பேச இலகு.

எங்கே தொடங்குவது? பக்கத்து அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில். காசு இல்லை. அங்கிருந்து துண்டோடு மாவட்ட ஆஸ்பத்திரிக்கும், தேவையென்றால் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்புவார்கள். நரம்பு நிபுணர் எல்லா இடத்திலும் இல்லை, காத்திருக்க வேண்டி வரும். உங்கள் வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம், அவருக்கு எந்த நாள் எந்தக் கிளினிக் என்று தெரியும். முதல் டொக்டர் சரியாகக் கேட்கவில்லை என்றால், எட்டு மாதம் வீட்டில் இருக்காதீர்கள். கொப்பியோடு திரும்பப் போங்கள், அல்லது வேறு நாளில் வேறு டொக்டரிடம் போங்கள்.

எனக்கு? ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக். கால் போன வருடத்தை விடக் கொஞ்சம் சுகம், கை அப்படியே. பெயர் இன்னும் இல்லை. இந்தப் பேச்சை வலது கையால் எழுதினேன், இடது கையால் தாளைப் பிடிக்க ஒரு கல்லை வைத்தேன்.

வாசலில் கொப்பிகள் வைத்திருக்கிறோம், வீட்டுக்கு ஒன்று எடுங்கள். பேனை வாங்கக் காசு ஒதுக்க மறந்துவிட்டோம், அதற்கு மன்னிக்க வேண்டும். முதல் பக்கத்தில் எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் வாருங்கள், என்னிடம் இரண்டு பேனை இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.